பதினோரு மணி வேன்

சுப்புராமன் சாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்லிவிடலாம். குடிக்க மாட்டார். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், ஆபீசில் என் வீட்டுக்காரர் ஜெபகுமாருக்கு மேலதிகாரி, ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இந்த மனுஷன் ஒரே ஒருநாள், என் நைனா நின்ற அதே இடத்தில் நின்று, கிளம்பிப் போகிற வேனின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு வருஷம் முழுக்க ஆசைப்பட்டேன். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம்.

முதலில் பேஸ்பாலைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் சாரும் அவர் மனைவியும் மகள் சஹானாவைப் பார்க்க அமெரிக்கா போனார்கள். மருமகன் பிரவின்குமார் அவரை ஒரு பேஸ்பால் மேட்சுக்கு அழைத்துப் போயிருக்கிறார். திரும்பி வந்தவரிடம் மேட்ச் எப்படி என்று கேட்டால், யார் ஜெயித்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. கார் நிறுத்திய இடத்தின் நம்பர் தெரிந்தது. எந்த கேட், எந்த வரிசை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, கூட்டம் கலைவதற்கு எத்தனை நிமிஷம் முன்னால் எழுந்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் மருமகன் ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தாராம். அங்கே யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த சீசனிலேயே இருபத்தாறு சீட் வேன் ஒன்றைப் பிடித்து, டவுன்ஷிப் ஆட்களைச் சேப்பாக்கத்துக்குக் கிரிக்கெட் பார்க்க அழைத்துப் போக ஆரம்பித்துவிட்டார்.

சும்மா அழைத்துப் போகவில்லை. அதற்கென்று ஒரு பச்சை ஃபைல். வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று ஸ்டாண்டுக்கு ஒரு படம். மேட்சுக்கு முந்தின ஞாயிறு ஒத்திகை வேறு. எல்லோரும் சமூகக் கூடத்து வாசலில் சீட் நம்பர்படி வரிசையாக நின்று காட்ட வேண்டும். தண்ணீர் பாட்டில் உள்ளே விடமாட்டார்கள், பவர் பேங்க் கூடாது என்று பெரிய மனுஷர்களின் பையைக்கூடத் திறந்து காட்டச் சொல்லுவார். சாயங்காலம் மூன்றரைக்கு ஆரம்பிக்கிற மேட்சுக்குக் காலை பதினோரு மணிக்கே வேன். ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரத்துக்கு வருகிற கார்கள் கோவளம் வரைக்கும் ரோட்டை அடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. எல்லோருக்கும் அவர் கொடுக்கிற தாளின் கடைசி வரி சிவப்பு மையில் இருக்கும்: வேன் யாருக்காகவும் நிற்காது. அவர் இல்லாத நேரத்தில் நாங்கள் கிண்டல் அடிப்போம், எதிரில் தலையாட்டுவோம். ஆனால் அவர் போட்ட திட்டத்தில் ஒரு வருஷமும் முதல் பந்து தவறியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் நைனா பேர் தாவீது. சதுரங்கப்பட்டினம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்பது வருஷம் கூலிக்கு உழைத்தவர். அறுப்புக்குப் போன இடத்தில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக் கேட்டு, ஆட்டத்தைப் பார்க்காமலே ஆட்டக்காரர்களுக்குப் புத்தி சொல்லுவார். எழுபது வயது வரை ஸ்டேடியத்துக்குள் கால் வைத்ததில்லை. போன வருஷம் எனக்குப் பதிலாக அவருக்கு ஒரு சீட் சொன்னோம். புதுப்பட்டினம் பஜாரில் மஞ்சள் பனியன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். டிவியில் என்னைப் பாருங்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். ஆபீஸ் ஆட்கள் வருவார்கள், வேட்டி வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் தன் பேன்ட் ஒன்றைக் கொடுத்தார்.

காலை ஒன்பதரைக்கே வந்து கூடத்து வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்தவர், பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். கழிப்பறை கூடத்துக்குப் பின்னால். நான் வெளியே நின்றேன். பழகாத பேன்ட், கொக்கியைக் கழற்ற வரவில்லை, கழற்றியதைத் திரும்ப மாட்டவும் வரவில்லை. என்னைக் கூப்பிட அவருக்கு வெட்கம். ஒருவழியாக வெளியே வந்து, இரண்டு பேரும் ஓடி முன்பக்கம் வந்தபோது மணி பதினொன்று இரண்டு. வேன் டவுன்ஷிப் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் என் வீட்டுக்காரர் தலை தெரிந்தது. அவர் இறங்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை என்று வேனில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டு நிமிஷம் ஐயா, இரண்டே நிமிஷம்.

"வண்டி பூட்ச்சா கண்ணு?" என்று கேட்டார் நைனா. "வுடு. வூட்ல குந்திகினே பாத்துக்கலாம்."

எங்கள் வீட்டு டிவியில் மேட்ச் பார்த்தார். பனியனைக் கழற்றவில்லை. மேட்ச் முடிந்த பிறகும் கிளம்பாமல், வேன் திரும்பி வரும் நேரம் வரைக்கும் எங்கள் வீட்டிலேயே ஒளிந்துகொண்டிருந்துவிட்டுத் தெருவுக்குப் போனார். டிவியில் காணோமே என்று எதிர் வீட்டில் கேட்டதற்கு, மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னாராம். வயிற்றுக்கில்லாத காலத்திலும் பொய் பேசாத மனுஷன். ஒரு பொய்யைச் சொன்ன பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் அதை வளர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆகஸ்டில் மாரடைப்பு வந்து செத்துப்போனார். அடக்கத்துக்காக என் வீட்டுக்காரர் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். மாமனார் மரணம் என்று காரணமும் எழுதியிருந்தார். அதில் கையெழுத்துப் போட்டது சுப்புராமன் சார்.

சரி, திட்டம் போட அவருக்கு மட்டும்தான் தெரியுமா? இந்த வருஷம் ஜனவரியிலேயே போய் நின்றேன், ஃபைல் வேலைக்கு நான் கூடமாட இருக்கிறேன் சார் என்று. பெயர்களை எழுதினேன், நகல் எடுத்தேன், ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் போனேன். பிரிசில்லா ஒருத்திக்குத்தான் நேரத்தின் அருமை தெரிகிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மேட்ச் அன்றைக்குத் தலை எண்ணுவதும், வண்டியை எடுக்கச் சொல்வதும் உன் பொறுப்பு என்றார். எனக்கு உள்ளுக்குள் தித்தித்தது. போதாததற்கு மகளும் மருமகனும் அமெரிக்காவிலிருந்து வருகிறார்கள். பேஸ்பால் காட்டிய மருமகனுக்குச் சேப்பாக்கத்தைக் காட்டி, நம் ஊரிலும் நிமிஷம் பிசகாமல் காரியம் நடக்கும் என்று நிரூபிக்க வேண்டுமாம். மூன்று மாதமாக அவருக்கு இதே பேச்சு.

சாருக்குச் சர்க்கரை வியாதி. குடித்த தண்ணீர் அரைமணி நேரம் தங்காது, ஆபீசுக்கே தெரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மேட்ச் அன்றைக்குக் காலை பத்து மணிக்கு இஞ்சியும் பெருங்காயமும் போட்டு ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டுபோனேன். இப்படி வெயிலில் நிற்கிறீர்களே சார் என்று முதல் டம்ளர். பத்து இருபதுக்கு இரண்டாவது. இந்த வருஷத் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது, பத்தரைக்குக் கழிப்பறை என்று. எல்லோரும் போய் வந்தார்கள், சாரும் போய் வந்தார். அதனால் பத்து நாற்பதுக்கு மூன்றாவது டம்ளரையும் மருமகன் பார்க்கும்படி நீட்டினேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பதினொன்றுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது சார் நெளிந்தார். ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று கூடத்துக்குப் பின்னால் வேகமாக நடந்தார். வயதும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் அது சீக்கிரம் முடிகிற காரியமில்லை. நான் எல்லோரையும் வேனில் ஏற்றித் தலை எண்ணினேன். இருபத்தைந்து. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஆண்டவரே, அவர் வரக் கூடாது என்று ஜெபம் பண்ணினேன். பதினொன்று ஆனது. எடுங்க என்றேன்.

டிரைவர் காலி சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா இன்னும் வரவில்லையே என்று சஹானா எழுந்தாள். சிவப்பு மை வரியை அவள் கண் முன்னால் காட்டினேன். மாமா போட்ட ரூல்தானே என்று பிரவின்குமார் சிரித்துவிட்டார், அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். அப்போதுதான் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பிரிசி, சார் வந்துகினு கீறாரு. ஒரு நிமிசம் நிக்கச் சொல்லு."

என் வீட்டுக்காரர். என் நைனாவுக்காகத் திறக்காத வாய். அங்கேயே ஓர் அறை விட்டிருப்பேன், அத்தனை பேர் இருந்தார்கள்.

"நீ எடு அண்ணாத்த" என்றேன் டிரைவரிடம்.

வேன் நகர்ந்த பிறகு பின்னால் போய் நின்று பார்த்தேன். ஒரு கை பெல்ட்டில், ஒரு கை மேலே, ஓடி வந்தார். புங்கமரம் வரைக்கும் வந்து நின்றார். தூக்கிய கை இறங்கியது. கேட் தாண்டும் வரைக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

ஸ்டேடியத்தில் அவர் சீட் என் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. நம் ஆட்கள் ஜெயித்தார்கள். நானும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். சந்தோஷமாக இருந்தது, இல்லை என்று நடிக்க மாட்டேன். நாளைக்குச் சண்டைக்கு வருவார், வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வந்தார். அக்குளில், வேனிலிருந்து இறங்கும்போது நான் சஹானாவிடம் கொடுத்தனுப்பிய பச்சை ஃபைல். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் தயாராக இருந்தேன்.

"நேத்து நீ செஞ்சதுதாம்மா சரி" என்றார் சார். "எனக்காக நிறுத்தியிருந்தா மாப்பிள்ளை முன்னாடி என் ரூலே போயிருக்கும். அவரே அசந்துட்டார். இனிமே இந்த ஃபைல் உன்கிட்டதான் இருக்கணும்."

முகத்தில் அத்தனை பெருமை. முதல் ரேங்க் வாங்கி வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். ஃபைலை என் மடியில் வைத்துவிட்டார். சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. போன வருஷம் எங்கள் நைனாவை இப்படித்தான் விட்டுவிட்டுப் போனீர்கள் சார் என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அவர் யோசித்தார். என் மடியிலிருந்த ஃபைலை எடுத்து, போன வருஷத் தாளைத் தேடிப் பிரித்து, ஒவ்வொரு பெயராக விரலை வைத்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பதினாலாம் சீட். ஆமா, காலியாப் போச்சு. கழிப்பறைக்குப் போயிட்டார், இல்ல? அதனாலதான் இந்த வருஷம் பத்தரைன்னு அந்த வரியைச் சேர்த்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் அப்பாவைக் கட்டாயம் அழைச்சுட்டு வா. பத்தரைக்கே எல்லாத்தையும் முடிச்சுக்கச் சொல்லு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தவர் இவர்தான். நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சரி சார்" என்றார்.