கூரையிலிருந்து செலீனுக்கு ஒரு வயர்

பஸ்ரியனுக்கு எதையும் இறுக்கிக் கட்டினால்தான் மனம் ஆறும். மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றிக் கட்டும் வேலையில்தான் அவருடைய கனடா வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. ஓய்வெடுத்த பிறகும் கை சும்மா இருக்குமா? மோர்னிங்சைட் வீட்டுக் குப்பை வாளிக்கு அவர் போட்டிருந்த கட்டைக் கண்டு, இரவில் குப்பை கிளற வரும் ரக்கூன்களே அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டன. "மனுசன் என்னையும் ஒருநாளைக்குக் கட்டிப்போட்டிடும்" என்று மனைவி செலீன் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் வீட்டு முன்வாசலில், டிரைவ்வேயில் நின்ற பழைய ட்ரெய்லர், காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அந்தச் சில்லு வைத்த சின்ன வீடு, மூன்று கோடைகளாக அசையவில்லை. நித்திரையில் செலீனுக்கு மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்று டொக்டர் ஒரு மெசின் கொடுத்திருந்தார். அதை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். ட்ரெய்லரை நிறுத்தித் தங்கும் கம்பிங் பார்க்குகளில் கரண்ட் உள்ள இடங்களோ பனி கரைய முன்னமே பிடிபட்டுப் போய்விடும். "நீங்கள் போயிட்டு வாங்கோ அப்பா, நான் வீட்டில நிக்கிறன்" என்றார் செலீன். அவர் இல்லாமல் போய் யாரோடு சண்டை பிடிப்பது? பஸ்ரியனும் போகவில்லை.

போகாத ஒவ்வொரு கோடையிலும் பழைய கோடைகள்தான் அவர் நினைவில் ஓடின. ஆவணியில் மிட்லண்ட் திருத்தலத்தில் பூசை கண்டுவிட்டு, பக்கத்துப் பார்க் ஒன்றில் ட்ரெய்லரை நிறுத்துவார்கள். மேல் கட்டிலுக்குப் பிள்ளைகள் அன்ட்ரூவும் மெலனியும் அடிபடுவார்கள். செலீன் நெத்தலி பொரித்தால் மணம் பார்க் முழுக்கப் பரவும். கரடி வந்தால் முதலில் உம்மைத்தான் தேடும் என்று பஸ்ரியன் பகிடி பண்ணுவார். மழை வந்துவிட்டால் நால்வரும் உள்ளே ஒடுங்கி இருந்து காட்ஸ் விளையாடுவார்கள். வேலையையும் வீட்டு மோர்ட்கேஜ் கடனையும் மறந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கூரையின் கீழ்தான். இப்போது மகன் வன்கூவரில், மகள் ஒட்டாவாவில். அந்த நாட்களில் ஒன்றாவது திரும்பக் கிடைக்காதா என்று மனுசன் ஏங்கிப்போனார்.

அதனால்தான் இந்த வருடம் சோலார் பூட்டுவது என்று முடிவெடுத்தார். பகல் வெயிலில் பற்றரி ஏறும், இரவில் செலீனின் மெசின் அதில் ஓடும். கூரையில் வெயில் பிடிக்கும் பனலைப் பூட்டினார். பிரிட்ஜின் சூடு வெளியேற ஏற்கெனவே அங்கே ஒரு வாய் இருந்தது. அதன் வழியாக வயரை இறக்கினால் புதிதாக ஓட்டை போடத் தேவையில்லை. வயரைக் கூரையோடு சேர்த்து, சாணுக்கொரு கிளிப்பாக, பசை பூசி, இழுத்து இழுத்து இறுக்கினார். புயல் அடித்தாலும் அசையாது என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டார்.

சோதித்துப் பார்க்க ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு நாலு ஒன்று நெடுஞ்சாலையில் ஏறி அஜக்ஸ் வரை ஓடித் திரும்பினார். வந்து பார்த்தால் பற்றரிக்குப் பக்கத்துப் பெட்டியில், கரண்ட் ஏறுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. ஏணி வைத்து ஏறினார். பனலின் கழுத்தோடு வயர் கழன்று கிடந்தது.

"இவ்வளவு இறுக்கிக் கட்டினனே!"

"அதுதானப்பா பிழை," கீழே நின்று ஏணியைப் பிடித்திருந்த செலீன் சொன்னார். "ரோட்டில உது குலுங்கும்தானே. வயருக்குக் கொஞ்சம் இடம் விட்டாலென்ன?"

பஸ்ரியனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தேத்தண்ணி குடித்து முடிய அது ஆறியும் போனது. மறுபடி ஏறிக் கிளிப்புகளைக் கழற்றி, மூலைக்கு மூலை வயரை வளைத்துத் தளர விட்டார். அப்படி விடுவதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். திரும்பவும் அஜக்ஸ் போய் வந்தார். பச்சை விளக்கு எரிந்தது.

செலீன் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "இப்ப ஒருக்காப் படுத்துப் பாக்கிறன். இடையில மெசின் நிண்டா, கம்பிங் கதையை இதோட விடவேணும். சரியோ?"

"ஓம்," என்றார் பஸ்ரியன்.

பகல் சாப்பாடு முடிந்து செலீன் ட்ரெய்லருக்குள் போய்ப் படுத்தார். பஸ்ரியன் வெளியே மடக்குக் கதிரையைப் போட்டு, ஜன்னல் வலைக்குக் காதைக் கொடுத்தபடி இருந்தார். உள்ளே மெசின் சீராக இரைந்துகொண்டிருந்தது. தெருவில் பஸ் போகும்போதெல்லாம் அந்தச் சத்தம் அமுங்கும். இவர் கதிரையை விட்டு அரைவாசி எழும்பிவிடுவார். பஸ் போனதும் மறுபடி கேட்கும். வெயில் கராஜ் கதவிலிருந்து இறங்கிவிட்டது.

போன் அடித்தது. மெலனி.

"அப்பா, அம்மா போன் எடுக்கிறாவில்ல. வெயார் இஸ் ஷீ?"

"மெல்லக் கதை பிள்ளை. அம்மா கம்பிங்கில நித்திரை கொள்ளுறா."

"வாட்? எந்தப் பார்க்?"

"எங்கட டிரைவ்வேயில." பஸ்ரியன் ஜன்னல் வலையை ஒருக்கால் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு நேரமா மெசின் நிக்கேல்ல, மெலனி. இந்தமுறை அம்மாவும் கம்பிங் வாறா."