கிளை மாறி விழுந்த லுங்கிகள்

சங்கரன்கோவிலில் ஒரு மாடி அறையில் ஜவுளி வியாபாரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் நானும் முதலாளியும்தான். எங்களிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று கடையநல்லூர் லுங்கி வியாபாரி ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் மேல் தப்பில்லை. திறந்தவுடன் அது எல்லா நெசவாளர் பெயரையும், அவரவர் சரக்கு விவரத்தையும் மொத்தமாக இழுத்துக்கொண்டு வரும். அதுவரை திரை செத்துக் கிடக்கும்.

அதை நான்தான் மாற்றினேன். முதலில் பெயர்கள் மட்டும், மரத்தின் கிளைகள் மாதிரி வரிசையாக வரும். ஒரு பெயருக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தட்டினால்தான் அந்தக் கிளைக்கான சரக்கைப் பின்னணியில் போய் எடுத்துவரும்; அதற்குள் வேறு வேலை பார்க்கலாம். கண் எரிய உட்கார்ந்து எழுதியது. ஒன்று வருவதற்குள் யாராவது இன்னொன்றைத் தட்டிவிட்டால் மாறிவிடக் கூடாதே என்று, வந்த சரக்கு இந்தக் கிளைக்குரியதுதானா என்று பார்க்கக் கடைசியில் ஒரு சோதனையும் வைத்திருந்தேன்.

முதலாளி அந்தச் சோதனையை அழித்தார். "இது எதுக்கு வெட்டியா?"

அது வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கடையநல்லூருக்குப் போன் போட்டுவிட்டார். "பூராத்தையும் நானே உக்காந்து எழுதிட்டேன் பாய். நம்ம ஆபீஸ் பிள்ளைக்கு இதெல்லாம் எங்க ஓடுது?" என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி அந்தச் சோதனையைப் பற்றிச் சொல்வதாக இல்லை என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் மாற்றியதைப் போட்டுக்காட்ட இருவரும் கடையநல்லூர் போனோம். பஸ்ஸில் எனக்கிருந்த குஷியைச் சொல்லி மாளாது. வியாபாரிக்குப் பொறுமை கிடையாது. ஒரு பெயரைத் தட்டி, அது விரிவதற்குள் அடுத்ததைத் தட்டுவார். அன்றும் அப்படியே தட்டினார். முதல் நெசவாளரின் லுங்கிகள் ஆடி அசைந்து வந்து, அடுத்தவர் பெயருக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்தன.

"என்ன அண்ணாச்சி, இவரு கட்டம் போட்டதே நெய்ய மாட்டாரே. அவரு சரக்கு இங்கன எப்படி வந்துச்சு?"

முதலாளி மவுசை அங்குமிங்கும் இழுத்தார். சட்டை நனைந்துவிட்டது. பிறகு என் பக்கம் கையை நீட்டினார். "இத எழுதுனது இவதான் பாய். இவட்டயே கேளுங்க."

வியாபாரி திரும்பினார். "நீயாம்மா எழுதுன?"

யாராவது ஒருவர் அப்படிக் கேட்க மாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

"இல்ல பாய். பூராத்தையும் சார்தான் எழுதுனாவ. நேத்து உங்ககிட்ட போன்ல சொன்னாவல்லா."

வியாபாரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வந்தவர்களுக்கு மரியாதையாக டீ சொன்னார். முதலாளி அதைத் தொடவில்லை. நான் ரசித்துக் குடித்தேன்.