சேலையோடு பாலம் கடந்த காலை

வாடைக்காற்றுக் காலத்தில் மன்னார்ப் பாலத்தைச் சைக்கிளில் கடந்தவர்களுக்கு ஒன்று தெரியும். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும்போது காற்று இடப்பக்கத்தால் வந்து உங்களை நடு வீதிக்குத் தள்ளும். திரும்பி வரும்போது வலப்பக்கத்தால் வந்து தண்ணீர்ப் பக்கம் தள்ளும். காலையில் லொறிக்குப் பயம், பின்னேரம் கடலுக்குப் பயம். மழையும் சேர்ந்துகொண்டால், முகத்தில் அடிப்பது மழைத் தண்ணீரா கடல் தண்ணீரா என்று நாக்கால்தான் அறிய வேண்டும்.

நான் தாழ்வுபாட்டிலிருந்து அப்படித்தான் வேலைக்குப் போய்வருகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், வயல்வெளிக்கு நடுவே இருக்கும் ஓர் அரசாங்கக் கந்தோரில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. "பஸ்ஸில போகலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்லி வாய் அலுத்துவிட்டது. எங்கள் ஊர் பஸ் என்னை டவுனில் இறக்கும்போது, நான் ஏற வேண்டிய பஸ் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் பாதிக் காலை போய்விடும். வீட்டில் இருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள் விடியுமுன்பே கணவரோடு கடற்கரைக்குப் போய்விடும், அவருக்குக் கடல்தொழில். மிச்சம் இருப்பது என் சைக்கிள்தான்.

சைக்கிள் மேல் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. காற்றின் மேலும் இல்லை. ஆள் பார்த்து வீசக் காற்றுக்குத் தெரியாது. என் கோபமெல்லாம் ஒரு மனிதர் மேல்.

அவர் வரும்வரை மழைக்காலத்துக்கு நான் ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். சல்வார் போட்டு, அதன் மேல் மழைக்கோட் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுவேன். சால்வையை வீட்டிலேயே விட்டுவிடுவேன், காற்று அதைப் பிடித்துக் கழுத்தை இறுக்கும் என்பதால். சேலை, பாவாடை, சட்டை எல்லாம் இரண்டு சொப்பிங் பைகளுக்குள் ஒன்றன் மேல் ஒன்றாகப் போய், கரியரில் கட்டப்பட்டு வரும். கந்தோர்ப் பின்பக்கத்தில் பழைய கதிரைகள் அடுக்கிய ஓர் அறை இருக்கிறது. அங்கே தலையைத் துவட்டி, சேலை கட்டி, மணி அடிக்குமுன் என் மேசைக்கு வந்துவிடுவேன். பல வருடம் அப்படித்தான் நடந்தது. ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

பிறகு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு பொறுப்பதிகாரி மாற்றலாகி வந்தார். மன்னார் டவுனில் அவருக்கு விடுதி. கந்தோரின் டபிள் கப் வாகனம்தான் அவரை ஏற்றி இறக்கும். நான் கடக்கும் அதே பாலத்தை அவரும் கடப்பார், கண்ணாடியை ஏற்றிவிட்டு. மழை நாட்களில் அந்த வாகனம் என்னை முந்தும்போது பள்ளத்துத் தண்ணீர் எழும்பி என் இடுப்புவரை அடிக்கும். சாரதி தெரியாமல் செய்கிறான் என்று முதலில் நினைத்தேன். தெரிந்தும் வேகத்தைக் குறைக்காமல் போவதற்கு உள்ளே இருப்பவரின் அவசரம் காரணம் என்று பிறகு விளங்கியது.

ஒரு மழை நாள், நான் விறாந்தையில் நின்று மழைக்கோட்டை உதறிக்கொண்டிருந்தபோது அவர் வந்து இறங்கினார். காலிலிருந்து தலை வரை என்னைப் பார்த்தார்.

"இது என்ன கோலம் மிஸ்?"

"மழை சேர். சைக்கிளில வந்தனான். சாறி பையுக்க கிடக்கு, இப்ப மாத்திப்போட்டு வாறன்."

"இது பொதுசனம் வந்து போற இடம். பொம்பிளை உத்தியோகத்தர்மார் கேற்றுக்குள்ள வரேக்கயே சாறியோடதான் வரவேணும். சால்வைகூட இல்லாமல் நிக்கிறீங்கள்!"

அவர் இதைச் சொல்லும்போது எங்கள் கணக்குப் பிரிவுத் தம்பி பக்கத்தில்தான் நின்றான். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலில் ரப்பர் செருப்பு, கையில் சப்பாத்துப் பை. அவனுக்கு ஒரு சொல்லும் விழவில்லை. அவனுடைய முழங்காலைக் கண்டு பொதுசனத்துக்கு ஒரு கெடுதலும் வராது போலும்.

"சாறியோட பாலம் கடக்கிறது கஷ்டம் சேர். காத்து..."

"உங்கட அம்மா ஆக்கள் சாறியோட சைக்கிள் ஓடேல்லையோ?"

ஓடவில்லை. என் அம்மா கடற்கரையில் மீன் காயப்போட்டவர். வாழ்நாளில் சைக்கிள் ஏறியதில்லை. இதைச் சொல்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். பின்னேரக் கூட்டத்தில் அதையே எல்லோருக்கும் கட்டளையாகச் சொன்னார். எழுத்தில் ஒன்றும் வரவில்லை, வாயால் மட்டும். பெண்கள் நாங்கள் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாப்பாமோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா ஒருவர் இருக்கிறார். எங்களுக்குள் மூத்தவர், ஓய்வுபெறக் கொஞ்சக் காலமே இருந்தது. அவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து, "சும்மா விடு பிள்ளை, கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்.

அடுத்த மழை நாள் காவலாளி என்னைக் கேற்றில் மறித்தார். பாவம், அவருக்கு என் முகத்தைப் பார்க்கவே வெட்கம். "மிஸ், சேர் சொன்னவர்... சாறி இல்லாட்டி உள்ளுக்கு விடவேண்டாமாம்." கந்தோரைச் சுற்றி வயலும் வெட்டையும்தான். உடுப்பு மாற்ற ஒரு கடைகூட இல்லை. நான் மழைக்குள் நின்று, சல்வாருக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். வீதியால் போன உழவு இயந்திரக்காரன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். பொதுசனம் பார்க்கக் கூடாது என்று போட்ட கட்டளை, பொதுசனத்தின் நடுவில் என்னைச் சேலை கட்ட வைத்தது.

அதனால்தான் மறுநாள் வீட்டிலிருந்தே சேலையோடு புறப்பட்டேன். மகள் கோயிலில் முதல் நன்மை எடுத்த அன்று கட்டிய நீலச் சேலை. பாரம் குறைந்தது, மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும் என்று அதை எடுத்தேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி ஊசியும் குத்தினேன். டவுன்வரை பரவாயில்லை. பாலத்தில் ஏறியதும் காற்று தன் வேலையைத் தொடங்கியது. மழைக்கோட்டின் கீழ்ப்பக்கம் குடை போல விரிந்தது. சேலை கால்களோடு ஒட்டிக்கொண்டு மிதிக்க விடவில்லை. மழைத் துளிகள் சரிந்து வந்து கண்ணுக்குள் குத்தின. பாதி தூரம் கடந்திருப்பேன், ஊசி கழன்றதை நான் உணரவில்லை. முந்தானை ஒருமுறை பறந்து கீழே இறங்கியது; அவ்வளவுதான், சைக்கிள் நின்றுவிட்டது. செயின் சேலையைத் தின்றிருந்தது. காற்று என்னைத் தள்ளியது, சைக்கிளோடு நடு வீதியில் விழுந்தேன்.

பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. அதன் ஹோர்ன் இப்போதும் எனக்குக் கேட்கும். நான் எழும்பப் பார்த்தேன்; சேலை விடவில்லை. இடுப்போடு சேர்த்துச் சைக்கிளில் கட்டிப்போட்டது போல் கிடந்தேன். பஸ் வலப்பக்கமாக வெட்டி எடுத்துக்கொண்டு போனது. சில்லுகள் எறிந்த தண்ணீர் வாய்க்குள் போனது. "மாதாவே" என்று கத்தினேன் என்று நினைக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் வந்த மீன் வியாபாரி ஒருவர் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். முதலில் வீதியில் வந்த வாகனங்களுக்குக் கையைக் காட்டினார். பிறகு என்னையும் சைக்கிளையும் ஒன்றாகவே ஓரத்துக்கு இழுத்தார். செயினைப் பின்னுக்குச் சுற்றிப் பார்த்தார். சேலை இன்னும் உள்ளே போனது.

"அக்கா, இது வராது. வெட்டட்டோ?"

"வெட்டுங்கோ தம்பி."

மீன் வெட்டும் கத்தி. இரண்டு இழுவையில் சேலை இரண்டாகிவிட்டது. அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு தன் மழைக்கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என் கோட் கிழிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முழங்கையிலிருந்து இரத்தம் மழையோடு கரைந்து ஓடியது. ஓரத்தில் நின்று மீதிச் சேலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது வாகனங்கள் வரிசையாக எங்களைக் கடந்து போயின. ஒன்றையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் காற்று என்னைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளும் பக்கம் அது. கந்தோர்ப் பக்கமே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். காவலாளி என்னைக் கண்டதும் ஒரு கேள்வியும் கேளாமல் கேற்றை அகலத் திறந்தார். அக்கா ஓடி வந்து முழங்கையில் துணி கட்டினார். தேத்தண்ணியைக் கையில் தந்தார்கள். அப்போது பொறுப்பதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பாலத்தில உங்களைக் கண்டனான்," என்றார். "ரோட்டில அப்பிடி நிண்டது சரியில்லை மிஸ். போறவாற ஆக்கள் எல்லாம் பார்த்தினம். நீங்கள் எங்கட கந்தோர் எண்டு தெரிஞ்ச ஆக்களும் இருப்பினம்."



"என்னைக் கண்டனீங்களோ சேர்?"

"ஓம், கண்டனான் எண்டுதானே சொல்லுறன்."

"கண்டிட்டோ நிப்பாட்டாமல் வந்தனீங்கள்?"

அவர் மேசையிலிருந்த பேனையை எடுத்து இடம் மாற்றி வைத்தார். "எனக்கு மீற்றிங் இருந்தது. அதோட ஒரு ஆள் உதவிக்கு நிண்டவர்."

நான் வெளியே போனேன். செயினிலிருந்து உருவிக் கரியரில் சுருட்டி வைத்திருந்த சேலைத் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கிறீஸும் சேறும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை அப்படியே அவருடைய மேசைக் கண்ணாடியின் மேல் வைத்தேன். அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே எல்லோரும் வேலையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு மழை பெய்யேக்க நீங்கள் இதைக் கட்டிக்கொண்டு சைக்கிளில பாலம் கடவுங்கோ சேர். கடந்து வந்தால் நான் பிறகு வாயே திறக்க மாட்டன்."

"யோசிச்சுக் கதையுங்கோ. இது மேலிடத்துக்குப் போகும்."

"போகட்டும். நீங்கள் பாலத்தில என்னைக் கண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் கணக்குப் பிரிவுத் தம்பிதான் என்னையும் சைக்கிளையும் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அனுப்பினான். வீட்டில் கணவர் முழங்கையைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "வேலையை விடன்." பிறகு யோசித்து, "சில்லுக்கு வலை கட்டித் தாறன், சாறி சிக்காது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அதற்கும் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் சைக்கிளைத் திருத்தப் பார்க்கிறார்கள், என்னைத் திருத்தப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டளையைத் திருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. 

காயம் ஆறும்வரை விடுமுறையில் இருந்துவிட்டு, மழை விடாத ஒரு காலை சல்வாரோடு வேலைக்குப் போனேன். மறித்தால் கேற்றிலேயே நிற்பது என்று முடிவு. என்ன சொல்வது என்று பாலம் முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கேற்றை நெருங்கும்போது பஸ் வந்து நின்றது. பாப்பாமோட்டை அக்கா இறங்கினார். நான் பிறேக் பிடித்தபடி நின்றுவிட்டேன். இத்தனை வருடமும் சேலை தவிர வேறொன்றிலும் நான் காணாத அக்கா, மகளின் மஞ்சள் சல்வாரைப் போட்டிருந்தார். கை இறுக்கம், காற்சட்டை நீளம்; ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டி வந்தார்.

"என்ன அக்கா இது?"

"நான் பஸ்ஸிலதானே வாறன், எனக்குத் தேவையில்லைதான். ஆனாலும் இண்டைக்கு உன்னைத் தனிய உள்ளுக்கு விடேலாதுபோல கிடந்துது." பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பிடிக் கிடக்கு? அசிங்கமாக் கிடக்கோ?" என்றார்.

"வடிவாக் கிடக்கு அக்கா."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கேற்றுக்குள் போனோம். காவலாளி எழுந்து நின்றார். பொறுப்பதிகாரி தன் அறை யன்னலில் நின்று எங்களைப் பார்த்தார். சில விநாடி. பிறகு திரைச்சேலையை இழுத்துவிட்டார். அந்த மாரி முடியுமுன் இன்னும் இரண்டு பெண்கள் சல்வாரோடு வரத் தொடங்கினார்கள்.

மேலிடத்துக்கு ஒன்றும் போகவில்லை. கட்டளையை அவர் திரும்பப் பெறவும் இல்லை. எங்களைக் காணும் நேரங்களில் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார், அவ்வளவுதான். சிலர் இதை எனக்குக் கிடைத்த வெற்றி என்கிறார்கள். என்ன வெற்றி? பிழை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. வீதியோரத்தில் இரத்தத்தோடு நின்றவளைக் கண்டும் கண்ணாடியை இறக்காமல் போன மனிதர், அதை ஒளிக்க வேண்டிய விசயமாகக்கூட நினைக்கவில்லை. தானாகவே சொன்னார், அதுவும் என்னைக் கண்டிக்க. இதை நினைக்கும்போது இன்றைக்கும் கைகள் ஹாண்டிலை இறுக்குகின்றன.

அவருக்கு இடமாற்றம் வந்தபோது கந்தோரில் பிரியாவிடை வைத்தார்கள். கேக் வெட்டி, மாலை போட்டு, ஒவ்வொருவராகப் புகழ்ந்து பேசினார்கள். பெண்கள் சார்பில் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வாடை கிளம்பிவிட்டது, மழைக்கு முன் பாலத்தைக் கடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அது பொய்யில்லை.