நோவோடு எழும்பிப் போனவர்

எங்கள் ராத்தா மறைந்து ஒரு வருடம் நிறைய, அவர் பேரில் ஓதும் கத்தத்துக்கு வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் ஸலாம். நான் அவருடைய ஒரே தங்கச்சி. "நீதானே டீச்சர், நீயே எழுது" என்று குடும்பத்தார் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எழுத உட்கார்ந்ததும், "பொறுமையின் சிகரம் என்று தொடங்கு" என்று ஒருவர் யோசனை சொன்னார். மாட்டேன் என்றேன். ராத்தா பொறுமைசாலிதான். ஆனால் நோகும்போது நோகுது என்று வாய்விட்டுச் சொன்ன பொறுமைசாலி. அதை மறைத்து எழுதினால் இது வேறு யாருடைய மலராகவோ ஆகிவிடும்.

ராத்தா பிறந்தது பாலமுனையில். வாப்பாவுக்கு நெல் வியாபாரம். அந்த வியாபாரம் எங்களைக் கல்முனைக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அவர் பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்தார். சின்ன வயதிலேயே வாய் கொஞ்சம் நீளம். உம்மா ஏசத் தொடங்கினால், ஏசி முடிப்பதற்குள் உம்மாவையே சிரிக்க வைத்துவிடுவார். அடி விழுவது எனக்குத்தான்.

எங்கள் ஊர் வழக்கப்படி வாப்பா வீடு கட்டிக் கொடுத்துத்தான் ராத்தாவுக்குக் கலியாணம் முடித்து வைத்தார். கடற்கரைப் பக்கம் நல்ல காற்றோட்டமான வீடு. மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து, சந்தைப் பக்கம் கடை போட்டார். மகன் ஒன்று, மகள் ஒன்று.

கடல் ஊருக்குள் வந்த அன்று அந்த வீடும் போனது, மகளும் போனாள். பிள்ளையின் உடலைக் கண்டெடுத்தவர்கள் மற்ற மையித்துகளோடு சேர்த்து அவசரமாக அடக்கிவிட்டார்கள். குளிப்பாட்ட அவகாசமும் இல்லை, நல்ல தண்ணீரும் இல்லை. அன்றைய நிலையில் அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ராத்தா செய்தி அறிந்தபோது மண் மூடியாகிவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும், "அவ சுவனத்துப் புள்ள" என்றார்கள்.

"ஓம், சுவனத்துப் புள்ளதான். ஆனா பெத்தவ நான் ஒரு கோப்பை தண்ணி ஊத்தல்லியே" என்றார் ராத்தா.

எங்கள் பகுதியில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டி, கபன் சீலை சுற்றிவிடும் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஊரில் ஒரு பெண் மௌத்தானால் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டுப் போவார்கள். கூலி கிடையாது. அந்தக் கூட்டத்தில் ராத்தா தானாகப் போய்ச் சேர்ந்தார். எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் மறுத்ததில்லை. தன் மகளுக்குச் செய்ய முடியாமல் போனதை மற்றவர்களுடைய மகள்களுக்குச் செய்கிறார் என்று எங்களுக்கு விளங்கியது. அவர் அப்படி ஒரு நாளும் சொல்லவில்லை.

பிறகுதான் மூட்டு வாதம் வந்தது. முதலில் விரல்கள், அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் முழங்கால். விரல்கள் மெல்ல மெல்லக் கோணி, உள்ளே மடங்கிப் போயின. காலையில் எழும்பினால் சீப்பைப் பிடிக்க முடியாது. தலை வாரிவிட நான் போவேன். சும்மா சொல்லக் கூடாது, நோய் விசாரிக்க வராத ஆளில்லை. ஒவ்வொருவரும் கரைத்துக் குடிக்க ஒரு மோல்ட் மா டின்னோடும் ஒரு வைத்தியத்தோடும் வந்தார்கள். முடக்கொத்தான் இலை, ஏதோ ஊர் எண்ணெய், இன்னாருக்கு ஓதிக் கொடுத்த தண்ணீர். போகும்போது மறக்காமல், "ஒண்டுமில்ல, எல்லாம் சுகமாகும்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்தா சிரித்துக்கொண்டே, "ஒண்டுமில்லாட்டி இவ்வளவு டின் எதுக்குகா?" என்பார்.

மச்சான், மகன், நான், மூன்று பேரும் சேர்ந்து அவருக்குத் தடை போட்டோம். இனி மையித்து வீடுகளுக்குப் போகக் கூடாது. ஈரத்தில் நிற்கக் கூடாது. நல்லதுக்குத்தான் செய்தோம். ராத்தா முகம் செத்துப்போனது. "நோகுறது வேற, இப்படி மூலைல வெச்ச சாமானா இரிக்கிறது வேற. என்னய இப்படிக் கிடக்க உட்டுடாத" என்று என்னிடம் கெஞ்சினார். படுக்கையோடு நோயாளியாக மட்டுமே தன் ஆயுள் முடிந்துவிடுமோ என்பதுதான் அவருடைய பயம். நாங்கள் இளகவில்லை.

அப்படி இருக்கையில், ஒரு நாள் விடிய, சுபஹு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மௌத்துக்கான ஜனாஸா அறிவித்தல் கேட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் பெயரைச் சொல்லி அறிவிப்பதில்லை, இன்னாருடைய மனைவி என்றுதான் சொல்வார்கள். மச்சானுக்கும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவருக்கும் ஒரே பெயர். அவரும் கடைக்காரர். அவருடைய மனைவியும் நீண்ட நாள் படுக்கை. ஊர் அறிந்த நோயாளி எங்கள் ராத்தா என்பதால், கேட்டவர்கள் எல்லோரும் அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

குளிப்பாட்டும் பெண்கள் கபன் சீலை, கற்பூரம், இலந்தை இலை எல்லாவற்றோடும் அழுதுகொண்டு ராத்தா வீட்டுக்குள் நுழைந்தார்கள். ராத்தா கட்டிலில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"என்னகா, என்னக் குளிப்பாட்டவா வந்தீங்க? இந்தப் பிளேன்டியக் குடிச்சு முடிக்க உடுங்களன்" என்றார்.

அழுதவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் மறுபடி அழுதார்கள். ராத்தாவின் முகம் மட்டும் சட்டென்று மாறியது. "அப்ப மௌத்தானது ரெண்டு தெரு தள்ளி இரிக்கிற அந்தப் புள்ள. குளிப்பாட்டுற எல்லாரும் இங்க நிண்டா அங்க ஆரு இரிக்கிற? எழும்புங்க, போவம்."

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "ராத்தா, உங்களுக்குக் கை தூக்க ஏலாது."

"தூக்க ஏலாட்டி ஊத்துறதுக்கு இவங்க இரிக்காங்க. நீ ஆட்டோவக் கூப்பிடு. இல்லாட்டி நடந்து போவன்."

நடந்தே போயிருப்பார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அந்த வீட்டில் ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மௌத்தான பெண் புற்றுநோயில் எலும்பும் தோலுமாக இருந்தார். முதுகெல்லாம் படுக்கைப் புண். நான் மறைப்புச் சீலைக்கு வெளியே அந்தப் பெண்ணின் உம்மாவோடு நின்றேன். உள்ளே ராத்தாவின் குரல் மட்டும் கேட்டது. "மெல்லகா, மெல்ல. முழங்கையப் புடிச்சு இழுக்காதீங்க, கீழால கை குடுத்துத் தூக்குங்க. தண்ணிய நெஞ்சுல சளாரெண்டு ஊத்தாதீங்க, ஓரத்தால உடுங்க. புண்ணத் தேய்க்காதீங்க."

ஒருவர் கேட்டார், "மையித்துக்கு இனி நோகவா போகுது?"

"நோகாதெண்டு உங்களுக்கு ஆரு வந்து சொன்ன? இருந்த காலமெல்லாம் நொந்த உடம்பு. இப்பவாச்சும் மெல்லப் புடிப்பம்."

என் பக்கத்தில் நின்ற அந்த உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லாஹ், என்ட புள்ளைக்கு எங்கெங்க நோகுமெண்டு இவங்களுக்குத் தெரியுதே" என்று சொல்லி என் தோளில் விழுந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மூட்டு மூட்டாக ராத்தா அனுபவித்த நோவெல்லாம் அந்தச் சீலைக்குப் பின்னால் ஒரு வேலைக்கு உதவிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய கைகள் வீங்கிவிட்டன. சுடுதண்ணீரில் வைத்தபோது துடித்து அழுதார். நான் அழுதுகொண்டே ஏசினேன். அவர் என் ஏச்சு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இஞ்ச பாரு தங்கச்சி. கட்டில்ல கிடந்தாலும் நோகுது, எழும்பிப் போனாலும் நோகுது. போனா ஒருத்தருக்கு உதவியாச்சும் ஆகுது" என்றார். அதோடு எங்கள் தடை முடிந்தது. ஆட்டோக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தோம்.

நோவு மனிதரை நல்லவராக்கும் என்று நான் எழுத மாட்டேன். நோவில் கசந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ராத்தாவே பொறுக்க முடியாத ஒரு நாள் என் மீது தேநீர்க் கோப்பையை எறிந்திருக்கிறார். நோவு அவர் கேட்டு வந்ததில்லை. வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வாழ்க்கைக்கு அர்த்தம் என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் எதையெதையோ சொல்லிக் கொடுக்கிறேன். நான் கண்ணால் கண்டது இதுதான்.

கடைசியில் சிறுநீரகமும் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்க வந்த ஒருவர், "இந்த நோவெல்லாம் பாவத்துக்குக் கழியும்" என்றார். "கழியட்டும். அதுக்காக மாத்திரைய நிப்பாட்டச் சொல்லிடாதீங்க" என்றார் ராத்தா. நேர்ஸ் பிள்ளைகள் வெளியே போய்ச் சிரித்தார்கள். ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின், மகன் கலிமா சொல்லிக் கொடுக்க, அமைதியாகப் போனார்.

அவரைப் பார்த்த டாக்டர்மார், முகம் சுளிக்காத நேர்ஸ்மார், கேட்ட நேரத்தில் வந்த ஆட்டோக்காரர், சோறு அனுப்பிய அயல் வீடுகள், கபுறுக் குழி வெட்டியவர்கள், தொழுதவர்கள், வெளியூரிலிருந்து ஓடி வந்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மோல்ட் டின் கொண்டு வந்தவர்களுக்கும்தான். நீங்கள் வந்ததே அவருக்குப் பெரிது. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நற்கூலி தருவானாக.

ஒரு நன்றி மிச்சமிருக்கிறது. ராத்தாவைக் குளிப்பாட்ட வந்த பெண்கள், வெளியே நின்ற என்னைப் பார்த்து, "உள்ளுக்கு வாகா" என்று கூப்பிட்டார்கள். நான் அதுவரை ஒரு மையித்தையும் தொட்டதில்லை. போனேன். ஒருவர் மடங்கிய விரல்களை நிமிர்த்தப் பார்த்தார். விடுங்கள், இருக்கிறபடியே கழுவுவோம் என்றேன். தண்ணீரை ஓரத்தால் விட்டேன். பல வருடங்களாக நான் அந்தக் கையை நுனி விரலால் மட்டுமே தொட்டு வந்தேன். அன்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை.

கத்தத்துக்கு வந்திருக்கும் தாய்மாரே, சகோதரிகளே, உங்கள் வீட்டில் அப்படியொரு நாள் வந்தால் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். ராத்தா இல்லையே என்று யோசிக்காதீர்கள். நான் வருவேன்.