ராயா ஓட்டிய வண்டி

ஹிம்யார் நல்லவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைக் கேட்டால் உங்களுக்கு அவன்மேல் கோபம்தான் வரும். எனக்கே இன்னும் ஆறவில்லை.

பாலைவன ஓரத்துப் பிதியாவில் தார் ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் என் டயர் கடை. அங்கேயே என் தலையும் நரைத்துவிட்டது. மணலில் இறங்கும் வண்டிகள் என்னிடம் காற்றைக் குறைத்துக்கொண்டு போகும், திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும். எத்தனையோ வண்டிகளைப் பார்த்தாயிற்று. ஹிம்யார் தன் எஃப்ஜே வண்டியைச் சீராட்டியதுபோல் பெற்ற பிள்ளையைக்கூட யாரும் சீராட்டிப் பார்த்ததில்லை. மணல் நிற உடம்பு, வெள்ளைக் கூரை, பழைய ஜீப்பின் உருண்டை விளக்குகள், முன்கண்ணாடிக்கு மூன்று வைப்பர். பின்சீட்டுக்காரன் பாடுதான் திண்டாட்டம். முன்கதவைத் திறக்காமல் பின்கதவு திறக்காது. ஜன்னலோ கைக்குட்டை அளவு.

இனி இந்த வண்டியைச் செய்யப்போவதில்லை என்று கம்பெனி அறிவித்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியாக வந்தவற்றில் ஒன்று தன்னுடையது என்று ஒட்டகத்தைக்கூட நிறுத்திச் சொல்வான். சாவியை யாரிடமும் தரமாட்டான்.

அவன் மனைவி ராயா பள்ளிக்கூட டீச்சர், பொறுமைசாலி. அவளை அவன் இரண்டு தடவை கோபத்தில் தலாக் சொல்லி, மூன்று மாதக் காத்திருப்புத் தவணை முடியுமுன் திருப்பிச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு தடவை அவள் அம்மா வீட்டில் கூடுதலாகத் தங்கியதற்கு. இன்னொன்று எதற்கென்று அவனுக்கே ஞாபகமில்லை. மூன்றாவது விழுந்தால் சேர்த்துக்கொள்ள வழியில்லை என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கடை வாசலில் கஹ்வா காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ராயாவின் தம்பி கல்ஃபான்தான் சீண்டினான்.

"மச்சான், சாவியைக் குடு. பெரிய மேட்டை ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

"உன் கழுதைமேல ஏறிச் சுத்து, போ."

"வண்டிக்கு பர்தா போடாததுதான் பாக்கி! நீ தூங்குனதும் எங்க அக்காதான் எடுத்து ஓட்டுதாமே? ஊரே பேசுது."

எல்லோரும் சிரித்தோம். ஹிம்யார் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ராயா இந்த ஸ்டியரிங்கைத் தொட்டா, அவ எனக்குத் தலாக்."

கல்ஃபானின் முகம் செத்துவிட்டது. "என்ன வார்த்தை சொல்லிட்டே மச்சான்? உனக்கு மிச்சம் இருக்கறதே ஒண்ணுதானே!"

"சொன்னது சொன்னதுதான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன்னோடு அவளையும் சேர்த்துக் கெடுத்தான். சேதி அன்றே ராயாவுக்குப் போய்விட்டது. அதன்பின் அவள் முன்சீட்டில் உட்காரவே இல்லை. கை தவறிப் பட்டுவிடுமோ என்ற பயத்தில், அந்தப் பொந்துமாதிரிப் பின்சீட்டிலேயே போய் வந்தாள்.

குளிர் விடும் சமயத்தில் இருவரும் மணலுக்குள் அவள் அம்மாவின் ஒட்டகப் பட்டிக்குப் போனார்கள். திரும்பும் வழியில் ஒரு குழியில் வண்டி சக்கரம்வரை புதைந்தது. ஹிம்யார் இறங்கி வெறும் கையால் மணலைத் தோண்டினான். உள்ளே புதைந்து கிடந்த விரியன் வலது கையில் போட்டுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. அங்கே நடந்ததைப் பிறகு அவனேதான் என்னிடம் சொன்னான்.

ராயா நாலு டயரிலும் இன்னும் காற்றை இறக்கிவிட்டு, அவனைப் பக்கத்து சீட்டில் தூக்கிப் போட்டாள்.

"தொடாதே ராயா! யாராவது வருவாங்க."

"யாரு வருவா? ஒட்டகந்தான் வரும்."

"நீ தொட்டா எல்லாம் முடிஞ்சுதுடி!"

"தொடலேன்னா நீ முடிஞ்சுடுவே. கத்தாதே, கையை ஆட்டாம வை."

அவசரப்பட்டு மிதிக்காமல், வந்த தடத்திலேயே மெல்லப் பின்னுக்கு எடுத்து வண்டியை மீட்டாளாம். நான் கண்டது அதற்குப் பிறகுதான். எஃப்ஜே என் கடைமுன் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் ராயா. காற்றடிக்கும் குழாயோடு ஓடினேன்.

"காத்து வேணாம் அண்ணே. பாம்பு கடிச்சிருச்சு, ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க" என்றாள். தட்டையான டயரோடு அப்படியே ஓட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு விரல் போயிற்று, உயிர் நின்றது. அவன் கண் விழித்தபோது அவள் கதவுக்கு வெளியே நின்றாள், அந்நிய ஆணுக்கு முன் நிற்பதுபோல் முகத்தை மூடிக்கொண்டு. மகளைக் கட்டிக் கொடுத்த தம்பதி அவர்கள். பார்த்த எனக்கே தாங்கவில்லை.

அவன் வீடு திரும்பியதும் கல்ஃபான் மார்க்கம் படித்த ஒரு ஷேக்கை அழைத்து வந்தான். வார்த்தையைக் காதால் கேட்டவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். ராயா பக்கத்து அறையில் இருந்தாள். கதவு ஒருக்களித்திருந்தது.

ஷேக் இளகிய மனசுக்காரர். "யோசிச்சுச் சொல்லு, தம்பி. மச்சானை அடக்கறதுக்காக மிரட்டலாச் சொன்னதுன்னா அது வெறும் சத்தியம். பத்து ஏழைக்குச் சோறு போட்டாத் தீர்ந்துபோச்சு. தலாக்குன்னே நினைச்சுச் சொன்னியா?"

"மிரட்டத்தான் ஷேக்! நான்தானே வாயைக் கிளறினேன்" என்றான் கல்ஃபான். நானும் "விளையாட்டுப் பேச்சுதான்" என்றேன்.

ஹிம்யார் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"இப்போ நினைக்கல ஷேக். ஆனா அப்போ அல்லா அறிய நினைச்சுத்தான் சொன்னேன். நீங்க எதை எடுத்துப்பீங்க?"

ஷேக் தாடியைத் தடவினார். பிறகு, "அப்போ நினைச்சதைத்தான்பா" என்றார்.

எழுந்து அவனை அறையலாம் போலிருந்தது. வாயை அடக்க வேண்டிய நாளில் அடக்கவில்லை. இன்றைக்கு மட்டும் என்ன அரிச்சந்திரன் வேஷம்? ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். யாரை அறைவது?

உள்ளே அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் ராயா கைப்பையோடு வெளியே வந்தாள். கல்ஃபான் தன் காரை எடுக்கப் போனான். வாசலில் நானும் ஹிம்யாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, அந்தச் சிவப்பு மாத்திரையை வெறும் வயித்துல போடக்கூடாது. சாப்பிட்டப்புறம் போடணும். அவர்கிட்ட சொல்லிடுங்க."

அவன் கையெட்டும் தூரத்தில் நின்றான். நான் திரும்பி அவனிடம் சொன்னேன்.

"சரின்னு சொல்லு" என்றான். அதற்குள் அவள் காரில் ஏறிவிட்டாள்.