யாரும் தட்டாத படகு

துருக்கியின் தென்கரையில் உள்ள ஃபினிகே படகுத்துறையில் குளிர்காலத்தைப் படகிலேயே கழிக்கிறவர்களுக்கு எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. அடுத்தவர் படகில் கேட்காமல் கால் வைப்பதில்லை. மிதவை மேடையில் நின்றபடி படகின் விலாவில் இரண்டு தட்டு தட்டி, உள்ளே இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். வாசல் பலகை மூடியிருந்தால் அதையும் செய்வதில்லை. உள்ளே இருப்பவர் தனியாக இருக்க விரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு நடந்துவிடுவோம். புயல் காற்றுக்கு மட்டும் விலக்கு. அப்போது யாரும் யார் படகிலும் ஏறி, அவிழ்ந்ததைக் கட்டிவிட்டு இறங்கலாம். நன்றி சொல்லக்கூட யாரும் வெளியே வரத் தேவையில்லை.

நல்ல விதிதான். பத்தடி நீளக் கூடத்தில் வாழ்கிறவர்களுக்கு இது இல்லாமல் முடியாது. ஷெம்சியின் ஒரு குளிர்காலம் இந்த விதிக்குள் மாட்டிக்கொண்டது என்பதற்காக விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி, கிளம்பும் சமயத்தில் அவரே சொன்னது. மிச்சம், அதே மேடையில் நான்கு படகு தள்ளி இருந்ததால் கண்ணில் பட்டது.

ஷெம்சி கடலைப் பார்த்து வளர்ந்தவர் அல்ல. எஸ்கிஷெஹிரில் ஒரு சர்க்கரை ஆலையின் எடை மேடையில் வேலை பார்த்தவர். பீட்கிழங்கு ஏற்றி வரும் லாரிகள் மேடையில் ஏறி நிற்கும். ஓட்டுநர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டுவார். ஷெம்சி சின்ன ஜன்னலைத் திறந்து சீட்டைக் கொடுப்பார், கூடவே இரண்டு வார்த்தை பேசுவார். பனி கொட்டும் நாட்களில் ஓட்டுநர்கள் உள்ளேயே வந்து அடுப்பருகே உட்கார்ந்துவிடுவார்கள். வேலைக்காலம் முழுவதும் அவர் ஒருவர் கதவையும் தட்டியதில்லை. தட்டுகிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

ஓய்வு பெற்றதும் அவரும் மனைவி பெரிஹானும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார்கள். கோடைக்காற்றின் பெயரான மெல்தெம் என்பதுதான் அதன் பெயர். கோடையில் விரிகுடா விரிகுடாவாகப் போய்வந்தார்கள். பெரிஹானுக்கு அது பிடித்திருந்தது. குளிர்காலம்தான் அவளுக்கு ஒத்துவரவில்லை. மூச்சுக்காற்று கூரையில் படிந்து, விடிகாலையில் சொட்டுச் சொட்டாகத் தலையணையில் விழும். போர்வை காயாது. முதல் குளிர்காலத்தை எப்படியோ ஓட்டிவிட்டாள். இரண்டாவது நவம்பரில் எஸ்கிஷெஹிரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப் பையைக் கட்டினாள். பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"கடல்காரங்க எல்லாம் ஒரே குடும்பம்னு வாய் ஓயாம சொல்றியே ஷெம்சி, போன குளிருக்கு ஒருத்தராவது நம்ம படகைத் தட்டினாங்களா?"

"நீ இருந்தே. ரெண்டு பேரு இருக்கற எடத்துல யாரு வந்து தொந்தரவு பண்ணுவாங்க?"

"சரி, இப்ப ஒத்தையா இருக்கப் போறல்ல. பிப்ரவரி முடியறதுக்குள்ள யாராவது ஒருத்தர் வந்து தட்டி, ஷெம்சி இருக்கியான்னு கேக்கட்டும். நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்துடறேன். அப்புறம் சொட்டுது நனையுதுன்னு வாயே திறக்க மாட்டேன். தட்டலைன்னா படகை வித்துட்டு நீ வா."

"இவ்வளவுதானா? டிசம்பர் பாதியிலயே நீ வந்துடுவே."

"நீயா போய்ச் சொல்லிவச்சு வரவழைக்கக் கூடாது. நீ கூப்பிட்டு வந்தாலும் கணக்கில்ல."

அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவளும் சிரித்தாள். பேருந்து மலைப்பக்கம் திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டுத் துறைக்கு நடந்தார்.

குளிர்காலத்தில் துறை சுருங்கிவிடும். பெரும்பாலான படகுகளுக்கு உறை போட்டுவிட்டு உரிமையாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். எங்கள் மேடையில் விளக்கெரிந்த படகுகள் சிலவே. ஷெம்சியின் பக்கத்துப் படகில் ஹால்துன் இருந்தார். ரயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். ஒரு பூனையை மட்டும் தன் படகில் ஏற அனுமதிப்பார், அதுவும் கால் துடைத்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமைகளில் துறை முனையில் எல்லோரும் சேர்ந்து இறைச்சி சுடுவது வழக்கம். ஷெம்சி முதல் ஞாயிறு போனார். பார்த்தவர்கள் எல்லாம் பெரிஹான் எங்கே என்று கேட்டார்கள். அக்கா வீட்டில் என்றார். "ஓ," என்றுவிட்டு அடுப்பைக் கிளறினார்கள். எஸ்கிஷெஹிர் அக்கா வீடு என்பது குளிருக்காகவா, வேறு காரணத்துக்காகவா என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்காததை அவர் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மனிதருக்கு ஏதோ கஷ்டம், தனியாக விட்டுவிடலாம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

டிசம்பரில் அவருடைய டீசல் ஹீட்டர் புகை கக்கிவிட்டு நின்றது. மாற்றவேண்டிய பாகம் இஸ்தான்புல்லிலிருந்து வரவேண்டும் என்றார் மெக்கானிக். வசந்தத்தில் படகே இருக்குமோ இருக்காதோ என்று ஷெம்சி அதை வரவழைக்கவில்லை. சின்ன மின் ஹீட்டரை வைத்துச் சமாளித்தார். அதையும் தண்ணீர் சுடவைக்கும் மின் கெண்டியையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் போய்விடும். தேநீர் வேண்டுமென்றால் குளிரில் உட்கார்ந்துதான் போடவேண்டும். கிடைத்த கொஞ்சச் சூடும் வெளியேறாதபடி வாசல் பலகையைப் பகலெல்லாம் மூடியே வைத்திருந்தார்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மூடிய பலகை மட்டும்தான் தெரிந்தது.

அவர் காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்த காத்திருப்பு மனிதனின் காதைக் கெடுத்துவிடும். மேடையில் நடக்கும் ஒவ்வொரு காலடியும் அவருக்காகவே வருவது போலிருக்கும். மரப்பலகைகள் கிறீச்சிடுவதிலிருந்தே யார் என்று சொல்லப் பழகிக்கொண்டார். குளியலறைக்குப் போகிறவர், தண்ணீர்க் குழாயைப் பார்க்கப் போகும் காவலாளி, பூனையைத் தேடும் ஹால்துன். எல்லாக் காலடிகளும் அவரைத் தாண்டிப் போயின. மேசையில் இரண்டு தேநீர்த் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஒன்றைத்தான் எடுத்தார், ஆனாலும் தூசி படியாமலிருக்க இரண்டையும் கழுவினார்.

ஒரு நாள் காலை கைப்பிடிக் கம்பியில் ஒரு பை நிறைய ஆரஞ்சு தொங்கியது. ஊரெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். யாரோ கொண்டுவந்து எல்லாப் படகிலும் மாட்டியிருந்தார்கள். அந்த ஞாயிறு தொலைபேசியில் பெரிஹானிடம் அதைச் சொன்னார்.

"ஆரஞ்சு தட்டுச்சா?"

"தட்டலை. ஆனா வாசல் வரைக்கும் வந்திருக்காங்க இல்ல?"

"வந்தாங்க, மாட்டினாங்க, போனாங்க. தபால்காரரும் அப்படித்தான். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"போர்வை காஞ்சுச்சா?"

"காஞ்சுச்சு," என்றார். அது பொய்.

ஜனவரியில் லோடோஸ் வீசத் தொடங்கியது. தெற்கிலிருந்து வரும் அந்தக் காற்று வெதுவெதுப்பானது, ஆனால் நல்லது அல்ல. துறை முழுவதும் பாய்மரக் கம்பங்கள் ஊளையிடும். பாய் ஏற்றும் கயிற்றை ஒதுக்கிக் கட்டாமல் விட்டால் அது அலுமினியக் கம்பத்தில் டணார் டணார் என்று இடைவிடாமல் அடிக்கும். ஒரு படகின் கயிறு ஒரு மேடையையே தூங்கவிடாது. இங்கே யாராவது யாரிடமாவது சண்டைக்குப் போகிறார்கள் என்றால் பெரும்பாலும் அந்தக் கயிற்றுக்காகத்தான்.

ஷெம்சிக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. யாரையும் கூப்பிடக்கூடாதுதான். ஆனால் திட்ட வருகிறவரைத் தடுக்க முடியாதே. காற்று ஏறிய ஒரு மாலையில் அவர் போய்த் தன் கயிற்றை அவிழ்த்துத் தளர்த்திவிட்டு உள்ளே வந்தார். ஹீட்டரை அணைத்துக் கெண்டியைப் போட்டார். இரண்டாவது தம்ளரை நிமிர்த்தினார்.

கயிறு அடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மேடையில் காலடி வந்தது, கனமான கால், ஹால்துன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆள் ஏறிவிட்டார். ஷெம்சியின் தலைக்கு நேர் மேலே காலடிகள் கம்பத்துக்குப் போயின. அடி நின்றது. காலடிகள் திரும்பி வந்து, வாசலுக்கு மேலே ஒரு கணம் தயங்கின. ஷெம்சி எழுந்து பலகையில் கை வைத்தார். தானாகத் திறந்தால் கூப்பிட்டது போலாகிவிடும், அவர் தட்டியதாக ஆகாது. கையை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. படகு மறுபடி சாய்ந்து நிமிர்ந்தது. காலடிகள் போய்விட்டன.

தேநீர் ஊற்றினால் ஆறிவிடும் என்று ஊற்றாமலே வைத்திருந்தார். கடைசியில் தனக்கு ஊற்றிக்கொண்டார்.

அடுத்த காற்றிலும் அவிழ்த்தார். அப்போதும் ஹால்துன் வந்து கட்டிவிட்டுப் போனார். ஒருமுறை காலையில் குழாயடியில் ஹால்துனைப் பார்த்தார்.

"காத்து பலமா இருந்துச்சு," என்றார் ஷெம்சி.

"இருந்துச்சு."

"என் கயிறு ரொம்பச் சத்தம் போட்டுதோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணே. கட்டிட்டேன். நீங்க தூங்குங்க, அதை நான் பாத்துக்கறேன்."

திட்டக்கூட மனமில்லாத நல்ல மனிதர். ஷெம்சி குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினார்.

பிப்ரவரி முடிந்தது. மலைகளில் பனி இன்னும் இருந்தது. ஷெம்சி அட்டையில் விற்பனைக்கு என்று எழுதி, தொலைபேசி எண்ணையும் எழுதிக் கைப்பிடிக் கம்பியில், ஆரஞ்சு தொங்கிய அதே இடத்தில் கட்டினார். அதைப் பார்த்ததும் எங்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. பாவம், பெரிஹான் திரும்ப வரமாட்டாள் போல என்று பேசிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மெதுவாக அந்தப் படகைத் தாண்டி நடந்தோம்.

சில நாட்கள் கழித்து ஒரு முற்பகலில் மெல்தெமின் விலாவில் இரண்டு தட்டு கேட்டது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

பலகை சத்தத்தோடு திறந்தது. அவர் அவ்வளவு வேகமாக வெளியே வந்து நான் பார்த்ததில்லை. மேடையில் கம்பளிச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க. செருப்போடயே வாங்க, பரவாயில்ல. தேநீர் போடறேன்."

"விலை பேச வந்தேன் மாமா. அட்டையைப் பாத்தேன். தெனிஸ்லியில பல் டாக்டர் நான், பேரு ஓர்ச்சுன்."

"தெரியும். உள்ள வாங்க," என்றார் ஷெம்சி. தெரியாதுதான், வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டாவது தம்ளரில் அன்று தேநீர் ஊற்றப்பட்டது. பேரம் அதிகமில்லை. ஹீட்டர் வேலை செய்யாது, கூரை சொட்டும் என்பதை அவரே சொன்னார். இளைஞர் போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கை நீட்டினார். ஷெம்சி கை கொடுத்தார். கை கொடுத்த பிறகு பேச்சு மாறுவது இங்கே கிடையாது.

அன்று மாலை எஸ்கிஷெஹிருக்குப் பேசினார்.

"ஒருத்தர் தட்டினாரு, பெரிஹான்."

"யாரு?"

"படகு வாங்கறவரு."

அவள் சிரிக்கவில்லை. "நான் வர்றேன், பாத்திரமெல்லாம் நீ சரியா கட்ட மாட்டே," என்றாள்.

அவள் வந்த அன்று பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று மேடையில் இறங்கிப் போய் ஹால்துனின் படகைத் தட்டினாள். அவருடைய பலகை திறந்தே இருந்தது. பூனைதான் முதலில் வெளியே வந்தது.

"ஹால்துன் அண்ணே, ஒண்ணு கேக்கணும். குளிர் முழுக்க எங்க படகு மேல ஏறி ஏறி இறங்கினீங்களாமே. ஒரு தட்டு தட்டியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

ஹால்துன் அவளையும், அவள் பின்னால் வந்து நின்ற ஷெம்சியையும் பார்த்தார். "பலகை மூடியிருந்துச்சேம்மா. எப்பவும் மூடியே இருந்துச்சு. ஆள் தனியா இருக்கணும்னு நெனைக்கறாருன்னு நெனச்சேன்."

"ஹீட்டர் போயிடுச்சு," என்றார் ஷெம்சி. "குளிருக்கு மூடினேன்."

"எது, டீசல் ஹீட்டரா? நீங்களும் நானும் ஒரே மாதிரிதானே வச்சிருக்கோம். அதுக்கு மாத்தற பாகமெல்லாம் என்கிட்ட சும்மா கெடக்குதே. சொல்லியிருக்கலாமே அண்ணே."

"கயிறைக்கூட அதுக்குத்தான் அவுத்து விட்டேன்."

"எதுக்கு?"

"நீங்க வந்து திட்டுவீங்கன்னு."

ஹால்துன் பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதன் காலைத் துடைத்தார், கால் நனைந்திருக்கவில்லை. பிறகு சொன்னார்: "என் பலகை திறந்துதான் இருந்துச்சு. நானும் ஒத்தை ஆளுதான். நீங்களும் வந்து தட்டலையே."

"எனக்குத் தட்டிப் பழக்கமில்ல," என்றார் ஷெம்சி.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சாக்கு என்று நினைத்திருப்பேன். அவர் சொன்னபோது அது வெறும் தகவலாக இருந்தது. பெரிஹான் போய் மிச்சப் பாத்திரத்தைக் கட்டிவிட்டு வந்தாள். ஹால்துன் தேநீர் போட்டார். மூன்று பேரும் அவருடைய படகில் உட்கார்ந்து குடித்தார்கள். உள்ளே நல்ல சூடாக இருந்தது என்று ஷெம்சி பிறகு சொன்னார்.

மறுநாள் காலைப் பேருந்தில் இருவரும் போனார்கள். ஹால்துன் நிலையம் வரை மூட்டை சுமந்தார். பேச்சு அதிகமில்லை.

தெனிஸ்லிக்காரர் ஏப்ரலில்தான் குடிவருவதாக இருந்தது. ஷெம்சியும் பெரிஹானும் கிளம்பிய வாரமே கடைசி லோடோஸ் ஒன்று வந்தது. மெல்தெமின் கயிறு எப்படியோ தளர்ந்து, கம்பத்தில் அடிக்க ஆரம்பித்தது. நான் எழுந்து வெளியே எட்டிப் பார்த்தபோது ஹால்துன் மேடையில் நின்றிருந்தார். பலகை மூடி, பூட்டும் போட்டிருந்தது. அவர் குனிந்து படகின் விலாவில் இரண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் நின்றார். பிறகு ஏறிப்போய்க் கயிற்றைக் கட்டினார்.