மனாமாவில் ஸ்கீ விற்றவன்

கடையில் நிற்கிறவனுக்குத் தெரியாத சாமான் என்று ஒன்று இருக்கக்கூடாது. தெரியாததை விற்கும்போது குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டால் போதும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அப்படி நின்ற உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

தலையாட்டின கதை

எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கிரிக்கெட் மட்டைக்கும் கேரம் போர்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தேன். பம்பாயில் ஒரு இன்டர்வியூ வந்தது. பஹ்ரைனில் மனாமாவில் பெரிய கடை, முதலாளியே நேரில் வந்திருந்தார். கடையில் எல்லோரும் அவரை அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். என் இந்தியைவிட அவருடைய இந்தி நன்றாக இருந்தது. கிரிக்கெட் தெரியுமா, ஹாக்கி தெரியுமா, டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதெல்லாம் நிஜமாகவே தெரியும். அதே வேகத்தில் "ஸ்கீ?" என்றார். தலை தானாக ஆடிவிட்டது. நம் ஊர்த் தலை அப்படி, ஆட ஆரம்பித்தால் லேசில் நிற்காது.

மனாமாவில் இறங்கின மறுநாள்தான் அது என்ன வஸ்து என்று பார்த்தேன். கடை மாடியில், சுவரில் சாய்த்து, ஆளுயரத்துக்கு மேல் கட்டைகள். நுனி வளைந்து, அடிப்பக்கத்தில் இரண்டு ஓரமும் இரும்புத் தகடு பதித்து. பனிமலையில் காலில் மாட்டிக்கொண்டு சறுக்குவதாம். வெளியே தார் உருகுகிற வெயில். இதை எவன் வாங்குவான் என்று கீழே கூடாரமும் தூண்டிலும் விற்கிற குட்டி என்பவரிடம் கேட்டேன். திருச்சூர்க்காரர், நல்ல மனுஷன். "எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரங்க, பேங்க்காரங்க, வசதியான அரபி வீட்டுப் பசங்க. குளிர்காலத்துல லீவ் விட்டா டெஹ்ரானுக்குப் பறந்துடுவாங்க. அங்கே மலை முழுக்கப் பனி" என்றார். முன்பெல்லாம் லெபனானுக்குப் போவார்களாம். அங்கே சண்டை வந்ததும் கூட்டம் ஈரான் பக்கம் திரும்பிவிட்டது. மாடி வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த லெபனான்காரர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் 'ஸ்கீ தெரிந்த ஆள்' என்று என்னைப் பிடித்துவந்திருந்தார் அர்பாப். குட்டிக்குக் கொடுக்காத குடும்ப விசாவை எனக்குக் கொடுத்ததும் அதனால்தான்.

அக்டோபரில் என் மனைவி கோமதியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஈசா டவுனில் இரண்டு ரூம் வீடு. பாப்பாவை மூன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று, வந்த ஒரு வாரத்திலேயே எதிர்வீட்டுப் பெண்ணோடு இங்கிலீஷில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மட்டும் ஒரே பயம்தான். பனியையே பார்க்காதவன் என்று தெரிந்தால் அர்பாப் மூன்று பேரையும் ப்ளேன் ஏற்றிவிடுவார். ஒரு நாள் சாப்பிடும்போது கோமதியிடம் எல்லாவற்றையும் கொட்டி, அர்பாபிடம் உள்ளதைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "சொல்லத்தான் வேணும்னா பாப்பா அஞ்சாங்கிளாஸ் முடிக்கட்டும், அப்புறம் சொல்லுங்க."

இரண்டாவது ஜோடி

சீசனில் முதலில் மாடி ஏறினவர் ஹாரிஸ் துரை. ரிஃபைனரியில் என்ஜினீயர், ஆறடி உயரம், முகமெல்லாம் வெயில் சிவப்பு. "இரண்டாவது ஜோடி வேணும். வேகத்துக்கு" என்றார். எனக்கு முதல் ஜோடியே என்னவென்று தெரியாது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். இப்போது இருக்கிற கட்டை எப்படி? எத்தனை வருஷமாகப் போகிறீர்கள்? அதில் என்ன குறை?

மனுஷன் கடகடவென்று கொட்டினார். முதல் ஜோடி விழாமல் இருக்க வாங்கினதாம், மெத்தென்ற பனிக்கு நல்லதாம், சொன்னபடி வளையுமாம். ஆனால் மலையில் சில சரிவுகளில் மெஷினை விட்டுப் பனியை அமுக்கி, சமமாகச் சீவி வைத்திருப்பார்கள். காலையில் அது பலகை மாதிரி கெட்டியாக இருக்கும். அதில் வேகம் எடுத்தால் பழைய கட்டையின் நுனி படபடவென்று ஆடுகிறது, திருப்பத்தில் வழுக்குகிறது. "அப்போ என்ன வேணும்னு நினைக்கிறீங்க?" என்றேன். அதையும் அவரே சொன்னார். விறைப்பாக இருக்கணும், கொஞ்சம் நீளம் கூட இருக்கணும், ஓரத் தகடு கத்தி மாதிரி இருக்கணும். ஒவ்வொரு கட்டையாக எடுத்து, அடியைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். தகட்டில் நகத்தை இழுத்து, நகம் சீவுகிறதா என்று பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று அழுத்தினேன், நகத்தை இழுத்தேன், ம்ம் என்றேன். முக்கால் மணி நேரத்தில் அவரே ஒன்றைப் பொறுக்கி, அவரே தோளில் வைத்துக்கொண்டார். அவர் படியிறங்கினதும் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். போகும்போது அவர் என் கையைக் குலுக்கிச் சொன்னது இது: "நான் பார்த்த கடைக்காரங்கள்ல நீதான் ரொம்பக் கம்மியாப் பேசுறவன். விஷயம் தெரிஞ்சவன் அப்படித்தான் இருப்பான்."

எண்ணெய் வைத்த கட்டை

பஹ்ரைனில் வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் புழுக்கம் இருக்கிறதே, அது இரும்பைத் தின்றுவிடும். கட்டைகளின் ஓரத் தகடெல்லாம் ஒரே மாதத்தில் செம்மண் நிறமாகிவிட்டது. அர்பாப் பார்த்தால் தொலைந்தேன். வீட்டிலிருந்து கோமதியின் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து, துருவைச் சுரண்டி, தகடு முழுக்க நன்றாகத் தேய்த்துவிட்டேன். மாடியே தலைவாரிக்கொண்ட மாதிரி மணத்தது. ஒரு பேங்க் மேனேஜர் வந்து முகர்ந்து பார்த்து, இது என்ன, கட்டை நன்றாக வழுக்கத் தடவுகிற புது மெழுகா என்று கேட்டு, சந்தோஷமாக ஒரு ஜோடி வாங்கிப் போனார்.

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது மார்கழியில் மதுரையில் பாட்டிலை வெயிலில் வைத்தவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் அந்த நேரம் புத்தியில் உறைக்கவில்லை. மலையுச்சியில் மேனேஜர் கட்டையை மாட்டினால் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நின்றதாம். பனியும் அதில் ஒட்டிக்கொண்டு, அரை மணி நேரம் பேனாக்கத்தியால் சுரண்டினாராம். நல்லவேளை, நல்ல குணம். அடுத்த சனிக்கிழமை வந்து திட்டாமல் சொன்னார்: "உன் மெழுகு எனக்கு முன்னாடியே குளிர்ல விறைச்சுப் போச்சுப்பா." அன்றிலிருந்து தையல் மெஷின் எண்ணெய்தான்.

யூசுபின் நீளம்

இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. யூசுப் என்று ஒரு வியாபாரி வீட்டுப் பையன், இருபது வயசு, என் தோள் உயரம்தான் இருப்பான். மூன்று நண்பர்களோடு வந்தான். இருப்பதிலேயே நீளமான, விறைப்பான கட்டையைக் காட்டி, "அது" என்றான். அதற்குள் என் நோட்டு பாதி நிரம்பியிருந்தது. உடம்புக்கும் பழக்கத்துக்கும் மீறின கட்டையை மாட்டினால் கட்டைதான் ஆளை ஓட்டும் என்று ஹாரிஸ் துரையே சொல்லி, நான் எழுதியிருந்தேன். கேட்டிருக்க வேண்டும். எத்தனை தடவை போயிருக்கிறாய், கால் தாங்குமா என்று இரண்டே கேள்வி. நண்பர்கள் முன்னால் அவனிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கீழிருந்து அர்பாப் வேறு, "யல்லா, சீக்கிரம் அவன் கேக்கறதைக் கொடு" என்றார். கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து முழங்கால் வரை மாவுக்கட்டோடு, நண்பன் ஓட்டிவந்த காரிலிருந்து இறங்காமலே ஹார்ன் அடித்தான். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவன் என்மேல் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. மாவுக்கட்டில் நண்பர்கள் போட்ட கையெழுத்தையெல்லாம் பெருமையாகக் காட்டினான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "வேகமாத்தான் போச்சு. நிக்கிறது எப்படின்னு நீ சொல்லவே இல்லையே" என்றான்.

ஹில்டா சிஸ்டரின் முழங்கால்

அடுத்த சீசன். வியாழக்கிழமை சாயங்காலம், கீழே கடையில் நல்ல கூட்டம். அர்பாபே மாடியில் வந்து உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஹில்டா சிஸ்டர் வந்தார், ஆஸ்திரியாக்காரர், நாற்பது வயசிருக்கும். பிறந்ததே பனிமலையில். அந்தம்மா கையில் கட்டையை எடுத்த விதத்திலேயே, இவரிடம் ம்ம் போட்டுத் தப்பிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. வேகத்துக்கு இரண்டாவது ஜோடி வேண்டுமாம், காலையில் கெட்டியான சரிவில் போகிறதற்கு. இருந்ததோ இரண்டே ஜோடி. ஒன்று நீளம், நல்ல விறைப்பு. இன்னொன்று ஒரு சாண் குறைச்சல், கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

என் வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போவீர்கள்? கடைசி ஒரு மணி நேரத்தில் கால் எப்படி இருக்கும்? எங்கேயாவது வலிக்குமா? அந்தம்மா கொஞ்சம் யோசித்து, போன வருஷம் இடது முழங்கால் திருகிக்கொண்டது என்று சொன்னார். மதியத்துக்கு மேல் அது சொன்ன பேச்சுக் கேட்பதில்லையாம். அப்படியானால் சின்னது போதும் என்று நான் சொல்ல வாயெடுக்கும்போது அர்பாப் எழுந்து வந்துவிட்டார். விலை கூடினது நீளமான கட்டைதான். "மேடம், பெரிசை எடுங்க. என் ஆள் பெரிய ஸ்கீக்காரன், அவன்கிட்டயே கேளுங்க" என்றார். ஹில்டா சிஸ்டர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "நீ இதுல போயிருக்கியா? திருப்பத்துல முழங்காலை இழுக்குமா?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். பாப்பா நாலாம் வகுப்பு. இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. வீட்டில் கோமதி புதுசாக ஒரு கிரைண்டர் வாங்கி, அதற்குப் பொட்டு வைத்திருக்கிறாள். இதெல்லாம் மனசில் ஓடியது. ஆனால் கண்முன்னால் யூசுபின் மாவுக்கட்டு நின்றது. இந்தம்மாவின் முழங்கால் போனால் ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி பகலாக நிற்பது யார்? "சிஸ்டர், நான் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை" என்று சொன்னேன். "எங்க ஊர்ல பனின்னா விடியக்காலைல புல்லு மேல இருக்கறதுதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உங்களை மாதிரி வந்தவங்க சொன்னது. அவங்க சொன்னதை வச்சுப் பார்த்தா உங்க முழங்காலுக்குச் சின்னதுதான் சரி. பெரிசு வேண்டாம்."

அர்பாபைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஹில்டா சிஸ்டர் இரண்டு கட்டையையும் மறுபடி அழுத்திப் பார்த்தார். பெரிசைச் சுவரில் சாய்த்துவிட்டு, சின்னதைக் கையில் எடுத்தார். "எங்க ஊர்ல ஸ்கீக் கடைக்குப் போனா, அவன் எவ்வளவு வேகமாப் போனான்னுதான் ஒரு மணி நேரம் பேசுவான். என் முழங்காலைப் பத்திக் கேட்ட முதல் ஆள் நீதான்" என்றார். பணத்தைக் கட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மாடியில் நானும் அர்பாபும் மட்டும். பெட்டி கட்ட எத்தனை நாள் கொடுப்பார் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அவர் என்னையும் அந்தப் பெரிய கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, படியில் இரண்டு எட்டு இறங்கினார், நின்றார். திரும்பாமலே இந்தியில் சொன்னார்: "தெரியாதுன்னு சொல்லியே ஒரு ஜோடி வித்துட்டே. நாளைலேருந்து எல்லாருக்கும் அப்படியே சொல்லு. குட்டிகிட்டயும் சொல்லு, அவனுக்கும் மீன் பிடிக்கத் தெரியாது."

அதற்கப்புறம் எத்தனையோ ஜோடி விற்றுவிட்டேன், பனியை மட்டும் இன்றுவரை ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் கோமதி திறக்கவிட்டால்.